வகுக்கறதைக் குறைச்சு காரணி கண்டுபிடிக்கிறது: நோட்டு, பென்சில், கடைசில கொஞ்சம் பைத்தான்

ஒரு முழு எண் குடுத்தா அதோட காரணி எல்லாத்தையும் ஒண்ணுகூட விடாம எழுதணும், முடிஞ்சவரை கையால. மூணு இலக்கத்துல ஆரம்பிச்சு பத்து இலக்கம் வரைக்கும் நோட்டுலயே போய்ப் பாத்தேன், அதுக்கு மேல உள்ளதுக்கு மட்டும் ப்ரோகிராம். செய்யச் செய்ய ஒரு விஷயம் ரொம்பத் தெளிவாப் புரிஞ்சுது. இதுல திறமைங்கறது வேகமா வகுக்கறதுல இல்ல, எதையெல்லாம் வகுக்கவே வேண்டாம்னு முன்னாடியே கண்டுபிடிக்கறதுல தான் இருக்கு.

முதல்ல 360. 1-ல இருந்து 360 வரைக்கும் ஒவ்வொண்ணா வகுத்துப் பாக்கத் தேவையே இல்ல, காரணிங்க எப்பவும் ஜோடியாத்தான் வரும், 2 கிடைச்சா கூடவே 180 கிடைச்சிடும், 8 கிடைச்சா 45. அதனால பக்கத்தை ரெண்டு பத்தியாப் பிரிச்சு இடப்பக்கம் சின்னது வலப்பக்கம் பெருசுன்னு எழுதிக்கிட்டே வந்தேன்: 1-360, 2-180, 3-120, 4-90, 5-72, 6-60, 8-45, 9-40, 10-36, 12-30, 15-24, 18-20. இடப்பக்கம் ஏறிக்கிட்டே வருது, வலப்பக்கம் இறங்கிக்கிட்டே வருது, ரெண்டும் சந்திக்கிற இடம் தான் வர்க்கமூலம். 360-க்கு அது 19-க்குக் கொஞ்சம் கீழ. 18-ஓட நிறுத்திடலாம், ஏன்னா ஜோடில ரெண்டுமே 19-ஓ அதுக்கு மேலயோ இருந்தா பெருக்கல் குறைஞ்சது 361 ஆயிடும். 360 வகுத்தல் செய்ய வேண்டிய இடத்துல 18 போதும். மொத்தம் 24 காரணி.

இது சின்ன எண்ணுக்கு அருமையான முறை. ஆனா அடுத்து எடுத்தது 46189. இதோட வர்க்கமூலம் 214-ஐத் தாண்டுது, அப்போ 214 வகுத்தல், அதுல பாதிக்கு மேல வீண். 2-ஆல போகாத எண் 4-ஆலயும் போகாது 6-ஆலயும் போகாது 178-ஆலயும் போகாது, ஆக பகா எண்களை மட்டும் தேடினாப் போதும், மத்த காரணி எல்லாம் அதுங்களைப் பெருக்கிக் கட்டிக்கலாம். இதை ஒரு விதியாவே நோட்டோட முதல் பக்கத்துல எழுதி வெச்சேன்: தேடறது பகா எண்ணை மட்டும், மீதி எல்லாம் கட்டறது.

46189 ஒற்றை எண், 2 இல்ல. இலக்கங்களைக் கூட்டினா 28, அதனால 3 இல்ல. 5 இல்லன்னு பாத்தாலே தெரியுது. 7, 11, 13 மூணுக்கும் சேத்து ஒரே சோதனை இருக்கு, இது பள்ளிக்கூடத்துல நிறைய பேருக்குச் சொல்லிக் குடுக்கறதில்ல, எனக்கு ரொம்பப் பிடிச்சது. 7 × 11 × 13 = 1001. அதனால எண்ணை வலப்பக்கத்துல இருந்து மும்மூணு இலக்கமா வெட்டி ஒண்ணு விட்டு ஒண்ணு கூட்டிக் கழிச்சா கிடைக்கிற சின்ன எண் என்ன சொல்லுதோ அது தான் பெரிய எண்ணுக்கும். 46189-ஐ வெட்டினா 46, 189. கழிச்சா 143. 143-ங்கறது 11 × 13, 7-ஆல போகாது. ஒரே ஒரு கழித்தல்ல 7 இல்ல, 11 உண்டு, 13 உண்டுன்னு மூணு பதிலும் வந்துடுச்சு.

அடுத்த பழக்கம் தான் முக்கியம். ஒரு காரணி கிடைச்ச உடனே அதால வகுத்து எண்ணைச் சின்னதாக்கிட்டு, அந்தச் சின்ன எண்ணோட வர்க்கமூலத்தைப் புதுசாப் பாக்கணும். 46189-ஐ 11-ஆல வகுத்தா 4199, எல்லை 214-ல இருந்து 64-க்கு இறங்கிடுச்சு. 13-ஆல வகுத்தா 323, எல்லை 17. அந்த 17-ஆல வகுத்தா 19, அது பகா எண், வேலை முடிஞ்சுது. 46189 = 11 × 13 × 17 × 19. பழைய எண்ணோட வர்க்கமூலத்தையே பிடிச்சுக்கிட்டு 214 வரைக்கும் போறவங்களை நிறையப் பாத்திருக்கேன், எண்ணு சுருங்கினா எல்லையும் சுருங்கும்ங்கறதை யாராவது சொல்லிக் குடுத்திருந்தா அவங்க நேரம் எவ்வளவோ மிச்சம் ஆயிருக்கும்.

இப்போ கட்டற வேலை. 360 = 2 × 2 × 2 × 3 × 3 × 5. முதல் வரில 2-ஓட அடுக்கு மட்டும்: 1, 2, 4, 8. அந்த வரியை 3-ஆல பெருக்கி அடுத்த வரி: 3, 6, 12, 24. திரும்ப 3-ஆல: 9, 18, 36, 72. இப்போ இருக்கிற மூணு வரியையும் மொத்தமா 5-ஆல பெருக்கிக் கீழ எழுதினா 5, 10, 20, 40, அப்புறம் 15, 30, 60, 120, அப்புறம் 45, 90, 180, 360. 24 வந்தாச்சு, தேடல்னு எதுவுமே இல்ல. எத்தனை வரும்னு முன்னாடியே சொல்லிடலாம், ஒவ்வொரு அடுக்கோடயும் 1 கூட்டிப் பெருக்கணும், (3+1) × (2+1) × (1+1) = 24.

எண்ணிக்கை சரியா வந்தும் உள்ள ஒரு எண் தப்பா இருக்கலாம், அதனால ரெண்டாவதா கூட்டுத்தொகைச் சோதனையும் போடுவேன். எல்லாக் காரணியோட கூட்டுத்தொகையும் நேராவே கிடைக்கும், (1+2+4+8) × (1+3+9) × (1+5), அதாவது 15 × 13 × 6 = 1170. லிஸ்ட்ல இருக்கிற 24 எண்ணையும் கூட்டினேன், 1170. 46189-க்கு 12 × 14 × 18 × 20 = 60480 வரணும், பதினாறு காரணியையும் எழுதிக் கூட்டினா அதே 60480. 2717, 3553 மாதிரி பழக்கமே இல்லாத எண்ணெல்லாம் லிஸ்ட்ல இருக்கும்போது இந்தச் சோதனை குடுக்கிற நிம்மதி பெருசு. எண்ணிக்கையும் கூட்டுத்தொகையும் ரெண்டும் ஒத்துப்போனா தைரியமா அடுத்த எண்ணுக்குப் போகலாம், ஒண்ணு இடிச்சாலும் லிஸ்டைத் திரும்பப் பாக்கணும்.

இந்த எண்ணிக்கை விஷயத்துல ஒரு பழைய உதாரணம் உண்டு. பிளேட்டோ ஒரு நகரத்துல 5040 குடும்பம் இருக்கணும்னு சொல்லி, அந்த எண்ணை 59 விதமா வகுக்கலாம்ங்கறதைக் காரணமாச் சொல்றார். 5040-ஓட அடுக்குங்க 4, 2, 1, 1, அப்போ 5 × 3 × 2 × 2 = 60. அந்த எண்ணையே விட்டுட்டு எண்ணினா 59, கணக்கு சரியா இருக்கு.

கைவசம் பகா எண் லிஸ்ட் இல்லாம இந்த வேலைக்கு உக்காராதீங்க. எரட்டோஸ்தனிஸ் சல்லடை (எண்களை வரிசையா எழுதி 2, 3, 5-ன்னு ஒவ்வொரு பகா எண்ணோட மடங்கையும் அடிச்சுக்கிட்டே போறது) போட்டு நீங்களே ஒரு தடவை தயார் பண்ணிக்கிறது நல்லது, 100-க்குள்ள 25, 1000-க்குள்ள 168. அந்த 168 இருந்தாலே பத்து லட்சம் வரைக்கும் எந்த எண்ணையும் முழுசா உடைச்சிடலாம், ஏன்னா அடுத்த பகா எண் 1009, அதோட வர்க்கம் 1018081. பாக்கப் பகா எண் மாதிரியே இருக்கிற சிலது தனியா மனசுல இருக்கட்டும்: 91, 119, 133, 161, 221, 247, 299, 323, 391. சல்லடை போடும்போது இதெல்லாம் தானாவே அடிபட்டுப் போகும்.

அப்புறம் 10403-ன்னு ஒண்ணு எடுத்தேன், பகா எண் லிஸ்ட்ல 2, 3, 5-ன்னு வரிசையாப் போனா 101 வர்ற வரைக்கும் எதுவுமே சிக்காது. இந்த மாதிரி எண்ணுக்கு பிரெஞ்சுக் கணித மேதை ஃபெர்மா காட்டின வழி வேற. அ² − இ² = (அ − இ) × (அ + இ), இது எல்லாருக்கும் தெரிஞ்ச சூத்திரம் தான். அதனால எண்ணைவிடக் கொஞ்சம் பெரிய வர்க்கத்தை எடுத்து எண்ணைக் கழிச்சு, மிச்சம் ஒரு வர்க்கமா இருக்கான்னு பாக்கணும். 102-ஓட வர்க்கம் 10404, கழிச்சா 1, அது வர்க்கம். 102 − 1 = 101, 102 + 1 = 103. வகுத்தலே இல்லாம முடிஞ்சுது. ரெண்டு காரணியும் வர்க்கமூலத்துக்குப் பக்கத்துல இருந்தா இந்த முறையை அடிச்சுக்க ஆள் இல்ல, தூரமா இருந்தா பாவம் ரொம்ப நேரம் நடக்கும், அதனால சின்னப் பகா எண்ணால வகுத்துப் பாத்துட்டு அப்புறமா இதுக்கு வர்றது தான் சரி.

இந்த முறைல நான் ஆசையா எடுத்துக்கிட்டது 8616460799. ஆங்கிலேயப் பொருளாதார அறிஞர் வில்லியம் ஸ்டான்லி ஜெவன்ஸ் 1874-ல இந்த எண்ணை அச்சுல குடுத்து, எந்த ரெண்டு எண்ணைப் பெருக்கினா இது வரும்னு தன்னைத் தவிர யாருக்கும் தெரியவராதுன்னு நினைச்சார். லிஸ்ட் வெச்சு வரிசையா வகுத்தா எட்டாயிரத்துக்கும் மேற்பட்ட பகா எண்களால வகுத்துப் பாக்கணும். ஃபெர்மா முறைல வர்க்கமூலத்துக்கு மேல முதல் முழு எண் 92825, அங்கிருந்து ஒண்ணொண்ணா ஏறினா 56-வது படில விடை. அதுவே பெரிய முன்னேற்றம், ஆனா அந்த 56-லயும் எதை விடலாம்னு பாக்கலாமே.

8-ஆல வகுத்தா இந்த எண்ணுக்கு மீதி 7 (கடைசி மூணு இலக்கம் 799 போதும் இதைப் பாக்க). ஒற்றை எண்ணோட வர்க்கத்தை 8-ஆல வகுத்தா மீதி எப்பவும் 1, இரட்டை எண்ணோடதுக்கு 0 இல்ல 4. அ² − இ² மீதி 7 குடுக்கணும்னா 0-ல இருந்து 1 போறது ஒண்ணு தான் வழி, மத்த எந்தச் சேர்க்கையும் 7 குடுக்கல. அப்போ அ 4-ஓட மடங்கு. அடுத்து 3. இலக்கங்களைக் கூட்டினா 56, 3-ஆல மீதி 2. வர்க்கத்தை 3-ஆல வகுத்தா 0 இல்ல 1 தான் மீதி, வித்தியாசம் 2 வரணும்னா மறுபடியும் 0-ல இருந்து 1 போகணும், அப்போ அ 3-ஓட மடங்கும் கூட. ரெண்டும் சேர்ந்தா 12-ஓட மடங்கு. 92825-ல இருந்து 92880 வரைக்கும் அப்படி இருக்கிறது 92832, 92844, 92856, 92868, 92880, அஞ்சே அஞ்சு. இன்னும் 5-ஆலயும் பாத்தேன். எண்ணு 9-ல முடியுது, மீதி 4. வர்க்கத்தோட மீதி 0, 1, 4 மட்டும் தான், அதுல அ²-க்கு 1 வந்தா இ²-க்கு 2 வேணும், அது நடக்காது. அதனால அ-வை 5-ஆல வகுத்தா மீதி 1-ஓ 4-ஓ வரக்கூடாது, 92844-ம் 92856-ம் போயிடுச்சு.

மிச்சம் மூணு. 92832-ஓட வர்க்கத்துல இருந்து எண்ணைக் கழிச்சா 1319425, இதோட வர்க்கமூலம் 1148-க்கும் 1149-க்கும் நடுவுல விழுது, வர்க்கம் இல்ல. 92868-க்கு 8004625, 25-ல முடியுது, ஆனா 2825-ஓட வர்க்கம் 7980625, அடுத்து 5-ல முடியிற 2835-ஓடது 8037225, நடுவுல மாட்டிக்கிச்சு, இல்ல. 92880-ஓட வர்க்கம் 8626694400, கழிச்சா 10233601. 3200-ஓட வர்க்கம் 10240000, அதுல இருந்து 6400 கழிச்சு 1 கூட்டினா அச்சா 10233601. ஆக 3199-ஓட வர்க்கம்! 92880 − 3199 = 89681, 92880 + 3199 = 96079. பெருக்கியும் பாத்துட்டேன், 8616460799 வந்துச்சு. யாருக்கும் தெரியாதுன்னு சொன்ன எண்ணு மூணு வர்க்கத்துல விழுந்துச்சு, அரைப்பக்கம் கூட ஆகல, இதைக் கையால செஞ்சு பாக்கிற சந்தோஷத்துக்காகவே ஒரு தடவை நீங்களும் போடுங்க.

அடுத்த பத்து இலக்க எண் 4294967297, அதாவது 2-இன் 32-ஆம் அடுக்கோட 1 கூட்டினது. ஃபெர்மா இந்த வகை எண் (2-இன் 1, 2, 4, 8, 16, 32-ன்னு இரட்டிச்சுப் போற அடுக்கோட 1 கூட்டினது) எல்லாம் பகா எண்ணுன்னு நம்பினார், ஆய்லர் 1732-ல இதை உடைச்சுக் காட்டினார். இதுக்குக் காரணி இருந்தா 64-ஓட மடங்கைவிட 1 அதிகமாத்தான் இருக்கும்ங்கறது ஆய்லரோடது, அதுல பகா எண் மட்டும் எடுத்தா 193, 257, 449, 577, 641-ன்னு போகும். பத்து இலக்க எண்ணைத் தொடவும் வேண்டாம், 2-இன் 8-ஆம் அடுக்கு 256-ல இருந்து ஆரம்பிச்சு வர்க்கம் எடுத்து மீதி, வர்க்கம் எடுத்து மீதின்னு ரெண்டு தடவை செஞ்சா 32-ஆம் அடுக்கோட மீதி வந்துடும். 193-க்கு: 256-ல 193 போனா 63, அதோட வர்க்கம் 3969, மீதி 109, அதோட வர்க்கம் 11881, மீதி 108, 1 கூட்டினா 109, அது இல்ல. 257-க்கு 2, 449-க்கு 325, 577-க்கு 288. 641-க்கு 256-இன் வர்க்கம் 65536, மீதி 154, அதோட வர்க்கம் 23716, மீதி 640, 1 கூட்டினா 641, அதாவது பூஜ்யம். அஞ்சாவது எண்ணுலயே விழுந்துச்சு.

வகுத்தா 6700417. இது பகா எண்ணா? எல்லை 2588, ஆனா இதோட காரணியும் அதே 64 விதிக்குள்ள தான் வரணும், அதுவும் 641-க்குக் கீழ உள்ளதெல்லாம் ஏற்கனவே போயிடுச்சு. மிச்சம் 641 திரும்ப ஒரு தடவை, 769, 1153, 1217, 1409, 1601, 2113. ஏழையும் வகுத்தேன், மீதி வரிசையா 44, 120, 334, 832, 622, 232, 94. எதுவும் பூஜ்யம் இல்ல, அதனால பகா எண், 4294967297 = 641 × 6700417. பின்னாடி லூக்கா (Lucas)-ங்கற பிரெஞ்சுக் கணித அறிஞர் இந்த 64-ஐ 128-ன்னு இறுக்கிட்டார், அதை வெச்சுப் பாத்தா 257, அடுத்து 641, ரெண்டாவதுலயே முடிஞ்சிடுது.

ப்ரோகிராம் பத்திச் சுருக்கமாச் சொல்றேன், ஏன்னா மேல செஞ்சது தான் அதுலயும். 2-ஐயும் 3-ஐயும் தனியா முடிச்சுட்டு, அப்புறம் 6-ஓட மடங்குக்கு ஒண்ணு முன்ன ஒண்ணு பின்ன இருக்கிற எண்களால மட்டும் வகுக்கணும், கிடைச்சா அது போற வரைக்கும் திரும்பத் திரும்ப வகுத்து எண்ணைச் சுருக்கணும். லூப் நிக்கிற இடத்துல வர்க்கமூலம் கண்டுபிடிக்கிற ஃபங்ஷனைப் போடாதீங்க, வகுக்கிற எண்ணை அதாலயே பெருக்கி, மிச்ச எண்ணைத் தாண்டிடுச்சான்னு பாருங்க. தசம எண் வகைல (float) 9007199254740992-க்கு மேல எல்லா முழு எண்ணையும் துல்லியமா வெச்சுக்க முடியாது, பெரிய வர்க்கமூலம் ஒண்ணு பிசகினா ஒரு காரணியே தப்பிப்போகும். முழு எண் பெருக்கல்ல அந்தப் பயம் இல்ல, பைத்தான்ல முழு எண் எவ்வளவு பெருசா இருந்தாலும் தாங்கும். விடையைச் சரிபாக்க லினக்ஸ்ல ஃபேக்டர்னு ஒரு கமாண்ட் இருக்கு, எண்ணைக் குடுத்தா பகாக் காரணியை வரிசையாச் சொல்லிடும்.

ப்ரோகிராம்ல கடைசியாப் போட்டது 147573952589676412927, 2-இன் 67-ஆம் அடுக்குல 1 குறைச்சது. அமெரிக்கக் கணித அறிஞர் கோல் 1903-ல இதோட காரணியைக் காட்டினார். மேல சொன்ன லூப்பை அப்படியே விட்டா முதல் காரணிக்கு வர ஆறு கோடித் தடவைக்கு மேல வகுக்கணும். ஆனா 67 பகா எண்ங்கறதால இதோட காரணி எல்லாம் 134-ஓட மடங்கைவிட 1 அதிகமாத்தான் வரும், கூடவே 8-ஆல வகுத்தா மீதி 1 இல்ல 7. லூப்பை 134 134-ஆ ஏத்தி, 8-ஆல மீதி ஒத்து வரலன்னா அந்த எண்ணை விட்டுட்டு, பைத்தானோட பவ் (pow) ஃபங்ஷனுக்கு மூணாவது மதிப்பா சோதிக்கிற எண்ணைக் குடுத்து 2-இன் 67-ஆம் அடுக்கோட மீதி 1 வருதான்னு மட்டும் பாத்தேன். 134-ஓட 1445580-வது மடங்குல நின்னுச்சு: 193707721. மிச்சம் 761838257287, இதோட வர்க்கமூலம் 873000-க்கும் கீழ, அந்த எல்லையை லூப் எப்பவோ தாண்டி வந்துடுச்சு, அங்க எதுவும் சிக்கல, அதனால இது பகா எண்ணான்னு தனியா ஒரு வகுத்தல்கூடச் செய்ய வேண்டியதில்ல.